கசிவா, புயலா? கடலூர், புதுவை வீடுகளும் காப்பீட்டுக் கணக்கும்

ஃபெஞ்சல் புயல் ஓய்ந்த ஒன்பதாம் நாள், கடலூர் மஞ்சக்குப்பத்தில் உள்ள எங்கள் வீட்டுக்குச் சேதத்தை மதிப்பிடக் காப்பீட்டு நிறுவனத்தின் சர்வேயர் வந்தார். படுக்கையறைக் கூரையிலிருந்து ஒரு முறம் அளவுக்குக் காரை பெயர்ந்து பீரோவின் மேல் விழுந்திருந்தது. மெத்தை ஊறிப்போயிருந்தது. அவர் மெத்தையைப் பார்க்கவே இல்லை. ஒரு நாற்காலி கேட்டார். அதில் ஏறி நின்று, ஸ்கூட்டர் சாவியால் கூரையின் ஈரக்கறையை ஓரமாகச் சுரண்டினார். கறைக்குள் கறையாக மூன்று வளையங்கள் தெரிந்தன. வெளி வளையத்தில் இன்னும் ஈரம் இருந்தது. உள்ளே இருந்த இரண்டும் காய்ந்து தேநீர் நிறத்தில் இருந்தன. "இது இந்த வருடத்து மழை, சார். இது போன வருடத்தது. இது அதற்கும் முந்தையது" என்றார், வெட்டிய மரத்தைப் பார்த்து வயது சொல்பவரைப் போல.

கூரைக்குப் பணம் வரவில்லை. அதே இரவில், அதே காற்றில், பக்கத்து வீட்டு வேப்பங்கிளை விழுந்து உடைந்த தண்ணீர்த் தொட்டிக்கும், மாடிப்படியின் மேல் போட்டிருந்த தகரக் கூரைக்கும் வந்தது. முதலில் கோபமாகத்தான் இருந்தது. அதன் பிறகுதான் பாலிசியை உட்கார்ந்து படித்தேன். பணம் கட்டிய ஐந்து ஆண்டுகளில் அதுவே முதல் முறை. படித்து முடித்தபோது அந்தச் சாவியின் மேல் இருந்த கோபம் போய்விட்டது. புயல் செய்த சேதத்துக்குக் காப்பீடு பணம் தரும். நாம் விட்டுவைத்த கசிவு புயலன்று வெளியே தெரிந்தால் தராது. இரண்டுக்கும் நடுவே உள்ள கோடு புரட்டாசி மாதத்திலேயே, மொட்டை மாடியில் விழுந்துவிடுகிறது.

ஐப்பசி முதல் மார்கழி வரை

நம் பகுதியின் ஆண்டு மழையில் பாதிக்கும் மேல் அக்டோபர் முதல் டிசம்பர் வரையிலான வடகிழக்குப் பருவத்தில்தான் கொட்டுகிறது. புயல்களும் பெரும்பாலும் அப்போதுதான் வருகின்றன. 2011 டிசம்பர் 30 அதிகாலையில் தானே புயல் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் நடுவே கரையேறியபோது காற்று மணிக்கு 140 கிலோமீட்டர் வரை வீசியது. பண்ருட்டிப் பக்கத்துப் பலாவும் முந்திரியும் வேரோடு சாய்ந்தன. பல ஊர்களில் மின்சாரம் திரும்ப வாரக்கணக்கானது. 2020 நவம்பர் 25 நள்ளிரவில் நிவர் புயல் மரக்காணம், புதுச்சேரி பக்கமாகக் கரை கடந்தது. 2024 நவம்பர் 30 இரவு புதுச்சேரி அருகே கரையேறிய ஃபெஞ்சல், பிறகு போக மனமில்லாமல் அங்கேயே மணிக்கணக்கில் நின்றது. மறுநாள் காலை வரையிலான 24 மணி நேரத்தில் புதுச்சேரியில் 48 சென்டிமீட்டருக்கும் மேல் மழை பதிவானது.

எல்லாப் புயலும் ஒரே மாதிரிச் சேதம் செய்வதில்லை. தானே புயல் காற்றால் அடித்தது. ஓடு, தகரம், மரம், மின்கம்பம் என்று மேலே இருந்தவை போயின. ஃபெஞ்சல் தண்ணீரால் அடித்தது; தரைத்தளத்தில் இருந்த ஃபிரிட்ஜும் கட்டிலும் இன்வெர்ட்டரும் போயின. அது கரையேறி இரண்டு நாள் கழித்து, சாத்தனூர் அணையிலிருந்து விநாடிக்கு 1.68 லட்சம் கன அடி திறந்துவிடப்பட்ட தண்ணீர் தென்பெண்ணையில் இறங்கி வந்தபோது, குண்டு உப்பலவாடி, கண்டக்காடு, தாழங்குடா மக்கள் மாடிகளில் நின்றுகொண்டிருந்தார்கள். தென்பெண்ணை, கெடிலம், பரவனாறு, வெள்ளாறு, தெற்கு எல்லையில் கொள்ளிடம் என எல்லாம் வந்து கடலில் சேரும் கடைமடை மாவட்டம் இது. நம் ஊரில் மழையே பெய்யாவிட்டாலும் நமக்கு வெள்ளம் உண்டு. காப்பீட்டில் இந்த வேறுபாட்டுக்கு ஒரு முக்கியத்துவம் இருக்கிறது. புயலும் வெள்ளமும் பாலிசியில் தனித்தனிச் சொற்களாக இருந்தாலும் ஒரே பட்டியலில் இருக்கின்றன. எனவே, "அன்று புயல் இல்லையே, வெயில்தானே அடித்தது" என்று யாரும் கையை விரிக்க முடியாது. அமெரிக்காவில் வழக்கமான வீட்டுக் காப்பீட்டில் வெள்ளம் சேராது. அதற்குத் தனிப் பாலிசி வாங்க வேண்டும். இணையத்தில் அந்த ஊர்க் கட்டுரைகளைப் படித்துவிட்டு இங்கேயும் அப்படித்தான் என்று நினைத்துக்கொள்பவர்கள் இருக்கிறார்கள். இங்கே அப்படி இல்லை.

பாலிசிக்குள் என்ன இருக்கிறது

முதலில் ஒரு பெரிய குழப்பத்தைத் தீர்த்துவிடலாம். வீட்டுக் கடன் வாங்கியவர்களிடம் கேட்டால், "வங்கியிலேயே இன்ஷூரன்ஸ் போட்டுவிட்டார்கள்" என்பார்கள். என்ன இன்ஷூரன்ஸ் என்று கேட்டால் தெரியாது. பெரும்பாலும் அது, கடன் வாங்கியவர் இறந்துபோனால் மீதிக் கடனை அடைக்கும் ஆயுள் காப்பீடாக இருக்கும். புயலில் வீடே விழுந்தாலும் அதிலிருந்து ஒரு ரூபாய் வராது. வீட்டுக்கே எடுத்த காப்பீடாக இருந்தாலும் பத்திரம் வங்கிக் கோப்பில் தூங்கிக்கொண்டிருக்கும். வங்கியின் பெயரும் அதில் சேர்ந்திருப்பதால் இழப்பீடு முதலில் வங்கியின் கைக்குத்தான் போகும். ஒரு நகல் கேட்டு வாங்கி, தலைப்பையாவது படித்துவிடுவது நல்லது.

2021 ஏப்ரல் 1 முதல், வீடுகளுக்கான பொதுக் காப்பீட்டை விற்கும் நிறுவனங்கள் எல்லாம் 'பாரத் கிருஹ ரக்ஷா' என்ற ஒரே வாசகம் கொண்ட பாலிசியைக் கட்டாயம் வைத்திருக்க வேண்டும் என்று காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையம் ஆணையிட்டது. பெயரைச் சொல்ல நாக்கு கொஞ்சம் சுளுக்கிக்கொள்ளும். ஆனால் உள்ளடக்கம் பழைய பாலிசியைவிட நமக்குச் சாதகமானது. தீ, இடி, நிலநடுக்கம், புயல், சுனாமி, வெள்ளம், நிலச்சரிவு, மரமோ சுவரோ மேலே விழுவது, தண்ணீர்த் தொட்டியும் குழாயும் வெடித்து வழிவது, கலவரம், பயங்கரவாதம் என எல்லாம் இதில் அடங்கும். புயல் போன்ற ஒரு நிகழ்வால் வீடு திறந்து கிடந்து, ஏழு நாட்களுக்குள் அதன் காரணமாகவே பொருள் திருடு போனால் அதுவும் சேரும். நகரை விட்டு முகாமுக்குப் போனவர்கள் இந்த ஏழு நாள் விதியைக் குறித்துவைத்துக்கொள்ளலாம்.

'வீடு' என்ற சொல்லுக்கு அந்தப் பாலிசி தரும் விரிவு என்னை ஆச்சரியப்படுத்தியது. நான்கு சுவரும் கூரையும் மட்டுமல்ல. சுற்றுச்சுவர், கேட், கார் நிறுத்தும் கொட்டகை, செப்டிக் டேங்க், நிலையான தண்ணீர்த் தொட்டி, மாடியில் பொருத்திய சூரியத் தகடு எல்லாம் அதற்குள் வருகின்றன. எங்கள் தொட்டிக்குப் பணம் வந்தது இப்படித்தான். ஆனால் இவற்றின் மதிப்பையும் சேர்த்துத்தான் காப்பீட்டுத் தொகையை நாம் சொல்லியிருக்க வேண்டும்.

அந்தத் தொகையில்தான் பலரும் சறுக்குகிறார்கள். மஞ்சக்குப்பத்தில் ஒரு வீடு 80 லட்சத்துக்கு விலை போகிறது என்றால் அதில் பெரும்பங்கு மண்ணின் விலை. மண்ணைப் புயல் தூக்கிக்கொண்டு போகாது. காப்பீடு செய்ய வேண்டியது, அதே வீட்டை இன்று மீண்டும் கட்ட ஆகும் செலவை. 1,000 சதுர அடி கார்பெட் ஏரியா (சுவர்களுக்குள் இருக்கும் தரைப் பரப்பு) உள்ள வீட்டைச் சதுர அடிக்கு 2,200 ரூபாயில் கட்டலாம் என்று கொத்தனார் சொன்னால், 22 லட்சம். அவ்வளவுதான். இதைக் குறைத்துச் சொன்னால் முன்பு ஒரு வில்லங்கம் இருந்தது. 20 லட்சம் பெறும் வீட்டை 10 லட்சத்துக்குக் காப்பீடு செய்து, 4 லட்சத்துக்குச் சேதம் வந்தால், "நீங்கள் பாதிக்குத்தானே காப்பீடு செய்தீர்கள்" என்று 2 லட்சம்தான் தருவார்கள். புதிய பாலிசியில் இந்த விகிதாசாரக் கழிவு இல்லை. அதேபோல, வீட்டுக்கு வயதாகிவிட்டது என்று தேய்மானத்தைக் கழிக்காமல், பழுது பார்க்கவும் திரும்பக் கட்டவும் ஆகும் செலவைத் தருகிறது.

கட்டடத்துக்குக் காப்பீடு எடுத்தால், உள்ளே இருக்கும் பொதுவான பொருள்களுக்குக் கட்டடத் தொகையில் 20 சதவீதம், அதிகபட்சம் 10 லட்சம் ரூபாய், தானாகவே சேர்ந்துவிடுகிறது. 22 லட்சம் ரூபாய் வீடு என்றால் 4 லட்சத்து 40 ஆயிரம். ஃபிரிட்ஜ், வாஷிங் மெஷின், டி.வி., கட்டில், பீரோ எல்லாம் இதில் அடங்கும். நகை அடங்காது, விரும்பினால் அதை மதிப்பிட்டுத் தனியாகச் சேர்த்துக்கொள்ள வேண்டும். பணத்தாள், காசோலை, பங்குப் பத்திரம் எதுவும் அடங்காது. அரிசிப் பானைக்குள் வைத்த ரொக்கம் நனைந்தால் நனைந்ததுதான். வண்டியும் அடங்காது. அதற்கு அதனுடைய பாலிசிதான் வழி, அதுவும் மூன்றாம் நபர் காப்பீடு மட்டும் இருந்தால் வெள்ளத்துக்குப் பைசா கிடையாது. (வெள்ளத்தில் நின்ற வண்டியை ஸ்டார்ட் செய்து பார்க்கும் ஆசையை அடக்குவது, நம் ஊர் ஆண்களுக்கு மிகக் கடினமான காரியம். எஞ்சினுக்குள் தண்ணீர் போயிருக்கும்போது சாவியைத் திருப்பினால் வரும் சேதத்தை நிறுவனம் உங்கள் தலையில்தான் கட்டும்.)

வாடகைக்கு இருப்பவர்கள் பொருள்களுக்கு மட்டும் எடுக்கலாம் என்பது பலருக்குத் தெரியாது. புதுவையில் வேலை பார்த்துக்கொண்டு தரைத்தளத்தில் குடியிருக்கும் இளம் குடும்பங்களுக்கு இது மிகவும் பொருத்தம். கீழே கடை, மேலே வீடு என்று இருப்பவர்கள் கடைப் பகுதிக்கும் சரக்குக்கும் வேறு பாலிசி எடுக்க வேண்டும். வீட்டுப் பாலிசி கடை ஷட்டரைத் தாண்டிப் போகாது. பிரீமியம் எவ்வளவு என்றால், நடுத்தர அளவு வீட்டுக்கு ஓர் ஆண்டுக்கு ஆவது பெரும்பாலும் ஒரு நல்ல பட்டுப்புடவையின் விலைக்குள் அடங்கிவிடும். அதைக் கேட்டதும், "இவ்வளவுதானா!" என்பவர்களும் "இது வேறு தண்டமா?" என்பவர்களும் ஒரே வீட்டில் இருக்கக் கண்டிருக்கிறேன்.

அரசு நிவாரணம் இருக்கிறதே என்று சிலர் நினைக்கலாம். ஃபெஞ்சலுக்குப் பிறகு புதுச்சேரி அரசு குடும்ப அட்டைக்கு 5,000 ரூபாய் அறிவித்தது. தமிழக அரசு விழுப்புரம், கடலூர், கள்ளக்குறிச்சி மாவட்டங்களில் பாதிக்கப்பட்ட குடும்பங்களுக்கு 2,000 ரூபாய் அறிவித்தது. அடுப்பு மூட்ட அது உதவும். ஃபிரிட்ஜ் வாங்க உதவாது.

மூன்று வளையங்களின் கதை

இப்போது எங்கள் கூரைக்கு வருகிறேன். பாலிசி ஒரு நிகழ்வுக்குப் பணம் தருகிறது. நாள் குறிப்பிட்டு, "இன்ன இரவில் இது நடந்தது" என்று சொல்லக்கூடியதாக அது இருக்க வேண்டும். கசிவு அப்படி அல்ல, ஆண்டுக்கணக்கில் நடப்பது. கடற்கரை ஊர்களில் இது இன்னும் மோசம். உப்புக்காற்றும் ஈரமும் காங்கிரீட்டுக்குள் புகுந்து கம்பியைத் துருப்பிடிக்க வைக்கின்றன. துரு, தான் தின்ற இரும்பைவிட அதிக இடம் கேட்கும். இடம் கிடைக்காதபோது காங்கிரீட்டை உள்ளிருந்தே பிளக்கிறது. முதலில் ஒரு மயிரிழை விரிசல், பிறகு பொருமல், கடைசியில் ஒரு மழை நாளில் காரை பெயர்ந்து விழும். விழுந்த நாள் புயல் நாளாக இருக்கலாம். விழ வைத்தது பத்து ஆண்டுத் துரு. சர்வேயர் பெயர்ந்த இடத்தில் முதலில் பார்ப்பது கம்பியின் நிறத்தைத்தான்.

மாறாக, காற்று தகரத்தைப் பிய்த்து, அந்தத் துளை வழியே மழை இறங்கி, கட்டில் நனைந்தால், மூன்றும் ஒரே சங்கிலி. தகரத்துக்கும் கட்டிலுக்கும் சேர்த்தே கேட்கலாம். சங்கிலியின் முதல் கண்ணி எது என்பதுதான் கேள்வி. திறந்து வைத்த ஜன்னல் முதல் கண்ணியாக இருந்தால் வழக்கு வளரும்.

இன்னொரு விலக்கு நம் மீனவ ஊர்களை நேராகத் தொடுகிறது. நிலம் அமிழ்வது, சரிவது ஆகியவற்றுக்குப் பாதுகாப்பு தரும் அதே பத்தியில், கடல் அரிப்பும் ஆற்று அரிப்பும் சேராது என்று எழுதியிருக்கிறது. 1989இல் புதுச்சேரி துறைமுகம் கட்டப்பட்ட பிறகு, தெற்கிலிருந்து வடக்கே நகரும் மணல் தடைபட்டு, வடக்கே உள்ள கரை ஆண்டுதோறும் தேய்ந்துகொண்டிருக்கிறது. பிள்ளைச்சாவடி பக்கம் போனால் பாதி நின்றும் பாதி கடலுக்குள்ளுமாக இருக்கும் சுவர்களைப் பார்க்கலாம். ஒரே இரவில் புயல் அலை அடித்து இடிந்தால் ஒரு பேச்சு. ஆண்டுக்கு இரண்டடியாகக் கடல் தின்று ஒருநாள் விழுந்தால் வேறு பேச்சு. அங்கே இருப்பவர்களுக்கு இந்த வேறுபாடு எவ்வளவு அபத்தமாக இருக்கும் என்று எனக்குத் தெரியும். ஆனாலும் பத்திரத்தில் இருப்பது இதுதான்.

மொட்டை மாடியில் நான்கு லாரித் தண்ணீர்

ஃபெஞ்சல் அன்று புதுவையில் 1,000 சதுர அடி மொட்டை மாடி ஒன்றின் மேல் விழுந்த தண்ணீர் எவ்வளவு என்று கணக்குப் போட்டுப் பார்த்தேன். 44,000 லிட்டரைத் தாண்டுகிறது. 12,000 லிட்டர் லாரி என்றால் கிட்டத்தட்ட நான்கு லாரி. இத்தனையும் நான்கு அங்குலக் குழாய் இரண்டின் வழியே கீழே இறங்கியாக வேண்டும். அந்தக் குழாயின் வாயில் ஒரு பிடி வேப்பிலையும் ஒரு பிளாஸ்டிக் பையும் பிள்ளைகள் தொலைத்த பந்தும் சேர்ந்தால் போதும், கைப்பிடிச் சுவர் மாடியைக் குளமாக்கிவிடும். ஓர் அடி தண்ணீர் நின்றால் அந்தத் தளத்தின் மேல் 28 டன் எடை ஏறி நிற்கிறது. எங்கள் வீட்டில் நடந்தது இதுதான். புயலுக்கு மறுநாள் மாடிக்குப் போனபோது முட்டிக்குச் சற்றுக் கீழே தண்ணீர் நின்றது. கையை விட்டுத் துழாவியபோது குழாய் வாயில் சிக்கியது, காயப்போட்டுக் காற்றில் பறந்த என்னுடைய பனியன்.

தண்ணீர் பெரும்பாலும் தளத்தின் நடுவே இறங்குவதில்லை. கைப்பிடிச் சுவரும் தளமும் சேரும் மூலையிலும், குழாய் தளத்தைத் துளைத்துப் போகும் இடத்திலும், தட்டோடு பதித்த இடுக்குகளிலும்தான் இறங்கும். வெயில் நன்றாகக் காயும் ஆவணி, புரட்டாசியில் அந்த மூலைகளைச் செதுக்கிப் பூசிவிட்டால் பாதி வேலை முடிந்தது. மழை தொடங்கிய பிறகு அடிக்கும் வெள்ளை வண்ணப் பூச்சு ஈரத்தை உள்ளேயே பூட்டிவைக்கும். நான் அந்தத் தவறையும் செய்திருக்கிறேன். புதுவையின் பழைய தெருக்களில் இன்னும் நிற்கும் மெட்ராஸ் டெரஸ் வீடுகளின் கதை வேறு. மர உத்திரங்களின் மேல் செங்கல்லும் சுண்ணாம்பும் கொண்டு போட்ட தளம் அது. அதன் மேல் சிமென்ட் பூசினால் கீழே மரம் மூச்சுவிட முடியாமல் உளுத்துப்போகும். சுண்ணாம்பு வேலை தெரிந்த கொத்தனாரைத் தேடிப் பிடிப்பதைத் தவிர அதற்கு வேறு வழியில்லை.

காற்றின் கணக்கு இன்னும் கடுமையானது. வேகம் இரண்டு மடங்கானால் விசை நான்கு மடங்காகும். மணிக்கு 140 கிலோமீட்டர் காற்று ஒரு சதுர மீட்டருக்கு ஏறத்தாழ 90 கிலோ விசையோடு மோதுகிறது. கூரையை அது கீழே அழுத்துவதைவிட மேலே உறிஞ்சுவதுதான் அதிகம். அதிலும் ஓரங்களையும் மூலைகளையும். தானே புயலில் பறந்த ஆஸ்பெஸ்டாஸ் தகடுகள் பெரும்பாலும் ஓரத்து வரிசையில் தொடங்கின. எனவே கொக்கி ஆணிகளை நடுவில் குறைத்தாலும் ஓரத்தில் நெருக்கமாகப் போட வேண்டும். துருப்பிடித்தவற்றை மாற்ற வேண்டும். மணல் மூட்டையைத் தூக்கிக் கூரை மேல் வைப்பது பழைய பழக்கம். அந்த 90 கிலோவுக்கு முன் ஒரு மூட்டை எந்த மூலை?

காற்று ஒரே திசையில் அடிப்பதும் இல்லை. புயல் கிழக்கிலிருந்து நம்மை நோக்கி வரும்போது முதலில் வாடைக்காற்றாக வடக்கிலிருந்து அடிக்கும். கண் பகுதி நம் மேல் கடக்கும்போது கொஞ்ச நேரம் அமைதி. அதன் பிறகு தெற்கிலிருந்து திருப்பி அடிக்கும். வடபுறம் அசைந்து தளர்ந்த மரமும் தகரமும் இந்த இரண்டாவது அடியில்தான் போகும். அமைதியான அந்த நேரத்தில் புயல் முடிந்துவிட்டது என்று வெளியே வந்து மாடியில் ஏறுபவர்களைப் பெரியவர்கள் திட்டுவது இதனால்தான்.

மாடியில் உள்ள பிளாஸ்டிக் தண்ணீர்த் தொட்டியைப் புயலுக்கு முன் நிரப்பிவைக்க வேண்டும். காலித் தொட்டி பறக்கும். ஆயிரம் லிட்டர் நிரம்பிய தொட்டி ஒரு டன் எடையோடு அசையாமல் உட்கார்ந்திருக்கும். மின்சாரம் இல்லாத நாட்களுக்குத் தண்ணீரும் ஆயிற்று. முருங்கை, வாதுமை போன்ற முறிகிற மரங்களின் கிளைகளை முன்கூட்டியே கழித்துவிடலாம். வேம்பைக் கழிப்பதற்குத்தான் பக்கத்து வீட்டாரிடம் பேச வேண்டியிருக்கிறது. அது புயலைவிடச் சிக்கலான விஷயம்.

தரைத்தளத்தில் இருப்பவர்களுக்கு எதிரி வேறு. ரெயின்போ நகர், கிருஷ்ணா நகர், இந்திரா காந்தி சதுக்கம் என்று புதுவையில் ஒவ்வொரு மழைக்கும் தேங்கும் இடங்கள் எல்லோருக்கும் மனப்பாடம். ஒவ்வொரு முறை சாலை போடும்போதும் பழைய தாரைச் சுரண்டாமல் அதன் மேலேயே போடுவதால் சாலை உயர்ந்துகொண்டே போகிறது. வீடு இருந்த இடத்தில் இருந்தே தாழ்கிறது. இதற்கு எந்தப் பாலிசியிலும் பெயர் இல்லை. வாசலில் மணல் மூட்டை அடுக்கி முன்பக்கத்தைக் காப்பவர்கள், தண்ணீர் கழிவறைக் குழாய் வழியே பின்பக்கமாக வருவதை மறந்துவிடுகிறார்கள். சாக்கடைக் குழாயில் தண்ணீர் திரும்பி வராமல் தடுக்கும் வால்வு ஒன்றைப் பொருத்திவிட்டால் அந்த அசிங்கம் இல்லை. வால்வு இல்லாதவர்கள், கனத்த பாலித்தீன் பைக்குள் மணலைக் கட்டிக் கழிவறைக் கோப்பையில் இறக்கிவைத்தும் சமாளித்திருக்கிறார்கள். இன்வெர்ட்டர் பாட்டரியையும் பிளக் போர்டுகளையும் இடுப்பளவுக்கு ஏற்றிவிடுவது மலிவான, பலன் மிகுந்த வேலை. சுற்றுச்சுவரின் அடியில் தண்ணீர் போக நான்கு துளை விடாவிட்டால், ஒரு பக்கம் மட்டும் தேங்கிய தண்ணீர் சுவரையே சாய்த்துவிடும்.

அக்கா வீட்டுக் கோடு

ரெயின்போ நகரில் இருக்கும் என் அக்காவுக்கு ஃபெஞ்சல் அன்று வீட்டுக்குள் தொடையளவு தண்ணீர். ஃபிரிட்ஜ் மிதந்து, திரும்பி, சமையலறைக் கதவை அடைத்துக்கொண்டு நின்றது. அக்காவின் இழப்பீட்டு மனு, என்னுடையதைவிடப் பெரிய தொகை, சிக்கலில்லாமல் முடிந்தது. அவர் என்னைவிடக் கெட்டிக்காரர் என்பது ஒரு காரணம். புரட்டாசியில் வீட்டைத் துடைத்துக் கொலு வைக்கும் நாளில், ஒவ்வோர் அறையாகச் செல்போனில் வீடியோ எடுத்து, மாமாவுக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பியிருந்தார். "கொலு அழகாக இருக்கிறது என்று எடுத்தேன், தம்பி" என்கிறார். கொலுவுக்குப் பின்னால் ஃபிரிட்ஜும் வாஷிங் மெஷினும் தெளிவாகத் தெரிந்தன. வெள்ளை அடித்த சுவரில் ஒரு கறை இல்லை. தேதியும் அதிலேயே இருந்தது. எந்தப் பொருள் இருந்தது, சுவர் எப்படி இருந்தது என்ற இரண்டு கேள்விகளுக்கும் அதுவே பதிலாகிவிட்டது. நானும் மாடிக் குழாய் வாயையும் கூரையையும் அதே புரட்டாசியில் ஒரு படம் எடுத்திருந்தால் வளையங்களை நானே முதலில் பார்த்திருப்பேன்.

தண்ணீர் வடிந்ததும் அவர் செய்த முதல் காரியம் மெயினை அணைத்தபடியே விட்டது. நனைந்த ஃபிரிட்ஜுக்கு மின்சாரம் கொடுத்துப் பார்த்து அது கருகிப்போனால், வெள்ளத்தால் போனதா, மின்கசிவால் போனதா என்ற கேள்வி வரும். மின்கசிவில் அந்த இயந்திரத்துக்கே ஏற்படும் சேதம் பாலிசியில் சேராது. இரண்டாவது, அன்றே நிறுவனத்துக்குத் தொலைபேசியில் சொல்லி, மனு எண் வாங்கிக்கொண்டார். மூன்றாவது, நாறும் மெத்தையைக்கூட வெளியே எறியாமல் மாடிப்படியில் சாத்திவைத்தார். நகராட்சி வண்டி வந்து எடுத்துப் போயிருந்தால் அதற்குச் சாட்சியே இல்லை. எறிந்தே ஆக வேண்டியவற்றை அவற்றின் வரிசை எண் தெரியும்படி படம் எடுத்துக்கொண்டார். அவசரப் பழுது பார்த்த ரசீதுகளை ஒரு பாலித்தீன் உறையில் போட்டுவைத்தார். இடிபாடுகளை அகற்றும் செலவில் ஒரு பகுதியும், வீடு குடியிருக்க முடியாமல் போனால் மாற்று இடத்து வாடகையும் இந்தப் பாலிசியில் உண்டு என்று சர்வேயர்தான் அவருக்குச் சொன்னார். எல்லாச் சர்வேயரும் சாவியோடு வருவதில்லை.

நியமிக்கப்பட்ட சர்வேயர் 15 நாட்களுக்குள் அறிக்கை தர வேண்டும் என்று ஆணையத்தின் 2024ஆம் ஆண்டு அறிவுறுத்தல் சொல்கிறது. மனு மறுக்கப்பட்டால், காரணத்தை எழுத்தில் கேட்டு வாங்குங்கள். வாய்வார்த்தை மறுப்பை எங்கும் கொண்டுபோக முடியாது. முதலில் நிறுவனத்தின் குறைதீர்ப்பு அதிகாரிக்கு எழுத வேண்டும். 30 நாட்களில் பதில் வராவிட்டாலோ, வந்த பதில் சரியில்லாவிட்டாலோ காப்பீட்டுக் குறைதீர்ப்பாளரிடம் போகலாம். 50 லட்சம் ரூபாய் வரையிலான வழக்குகளை அவர் விசாரிப்பார். கட்டணம் இல்லை, வழக்கறிஞரும் வேண்டாம். மறுப்பு வந்த ஓராண்டுக்குள் போக வேண்டும் என்பது மட்டும் கணக்கு. கடலூருக்கும் புதுச்சேரிக்கும் காரைக்காலுக்கும் சென்னை அலுவலகம்தான். மாஹேக்காரர்கள் கொச்சிக்கும் ஏனாம்காரர்கள் ஐதராபாத்துக்கும் போகிறார்கள். ஒரே ஒன்றியப் பிரதேசம், மூன்று திசை. பிரெஞ்சுக்காரர்கள் விட்டுச்சென்ற வரைபடம் குறைதீர்ப்பு மனுவில்கூடத் தொடர்கிறது. நான் என் கூரைக்காக அங்கே போகவில்லை. வளையங்கள் மூன்று இருந்தன, நானும் பார்த்தேன்.

அக்கா தை மாதம் வீட்டுக்குச் சாயம் அடித்தார். வரவேற்பறைச் சுவரில் தண்ணீர் நின்ற உயரத்தை அன்று பென்சிலால் கோடு போட்டு, பக்கத்தில் தேதி எழுதியிருந்தார். சர்வேயர் டேப் வைத்து அளந்தது அந்தக் கோட்டைத்தான். சாயக்காரர் அதன் மேல் பிரஷ் வைக்கப் போனபோது தடுத்து, கதவுக்குப் பின்னால் உள்ளங்கை அகலத்துக்கு மட்டும் பழைய சுவரை விட்டுவைக்கச் சொன்னார். இன்வெர்ட்டரை அதற்கு ஓர் அடி மேலே பொருத்தியிருக்கிறார்.